சி டிரைவ் சிவப்பு, எஃப் டிரைவ் காலி: நடுவில் என்னதான் தடுக்கிறது?

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, சி டிரைவ் செவப்பாயிடுச்சு. எஃப்ல 270 ஜிபி சும்மா கெடக்கு. அதுலேர்ந்து ஒரு நூறு ஜிபியை எடுத்து சி-க்குக் குடுக்கணும், அவ்ளோதான். ஆனா விட மாட்டேங்குது." டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி மேல் வலது கிளிக் செய்து காட்டினான். எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற வரி மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிற பையனுக்கே இந்தச் சந்தேகம் என்றால் மற்றவர்களுக்கும் இருக்கும், எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு டெராபைட் டிஸ்க் அது. விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் திருடவில்லை, தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது, ஒரு லட்சம் கோடி பைட்டை 1024-ஆல் மூன்று தடவை வகுத்துப் பாருங்கள், 931 வரும். அந்த 931-ஐ, விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர் சி-க்கு 100, டி, ஈ, எஃப் மூன்றுக்கும் தலா 277 என்று பாகம் பிரித்திருந்தார்.

ஏன் நாலு? கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுவோம்" என்பார்கள். ஒரு காலத்தில் இதற்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் 95 வந்த புதிதில் இருந்த எஃப்ஏடி16 என்ற ஃபைல் அடுக்கும் முறையில் ஒரு பார்ட்டிஷனுக்குள், அதாவது இப்படிப் பிரித்த ஒரு பாகத்துக்குள், 65 ஆயிரத்துச் சொச்சம் கிளஸ்டர்தான் (ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் குறைந்தபட்சத் துண்டு) எண்ண முடியும், ஒரு கிளஸ்டர் அதிகபட்சம் 32 கேபி, பெருக்கினால் 2 ஜிபி. நாலு ஜிபி டிஸ்க் வாங்கியவர் பிரித்தே ஆக வேண்டும். போதாததற்கு, அவ்வளவு பெரிய கிளஸ்டரில் ஒரு வரிக் கடிதத்தைச் சேமித்தாலும் அது 32 கேபியை விழுங்கிவிடும். 1996-ல் எஃப்ஏடி32 வந்ததும் அந்தக் காரணம் செத்துவிட்டது. சடங்கு மட்டும் நிற்கிறது. திவசத்தன்று குறுக்கே வந்த பூனையைத் தாத்தா கூடை போட்டுக் கவிழ்த்ததைப் பார்த்துவிட்டு, பேரன் திவசத்துக்கென்றே பூனை தேடி அலைந்த கதைதான். விண்டோஸுக்கு ஒன்று, நம் ஃபைல்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது, விண்டோஸை மறுபடி போட்டாலும் ஃபைல்கள் தப்பிக்கும். ஆனால் டி-யில் இருக்கிற படங்களை எஃப்-பில் ஒரு காப்பி போட்டுவிட்டு 'பேக்கப் எடுத்துட்டேன்' என்று நிம்மதியாகத் தூங்குபவர்களைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டும் ஒரே தட்டு. செத்தால் சேர்ந்தே சாகும்.

சரி, பார்ட்டிஷன் என்றால் என்ன? டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தடுப்பு எதுவும் இருக்காது. 512 பைட் அளவுள்ள செக்டர்கள் 0, 1, 2 என்று வரிசையாக எண் போட்டு நிற்கின்றன, ஒரு டெராபைட்டில் 195 கோடிக்கு மேல். எது யாருடையது என்பது முழுக்க எழுத்துக் கணக்கு. அந்தக் கணக்கை முதலில் எழுதிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. உள்ளே 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு ஃபோன் கேமராவில் எடுக்கும் நாலைந்து ஃபோட்டோவுக்கே நிறைந்துவிடும். ஏ, பி இரண்டும் ஏற்கெனவே ஃப்ளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி என்ற எழுத்து விழுந்தது, இன்றுவரை அதுவே. கூட வந்த பிசி டாஸ் 2.0, ஒரே டிஸ்க்கைப் பல ஆபரேட்டிங் சிஸ்டங்கள் பங்கு போட்டுக்கொள்ள வசதியாக 0-ஆம் செக்டரில் ஒரு ஏற்பாடு செய்தது. அந்த 512 பைட்டில் முதல் 446 பைட், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் குட்டி நிரல். கடைசி இரண்டு பைட் முத்திரை: பைனரியில் 01010101 10101010, ஒன்றைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது 64 பைட். அதுதான் பாகப்பிரிவினைப் பத்திரம். 16 பைட்டுக்கு ஒரு வரி வீதம் நாலே வரி.

ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம். பைட்டுகளை ஹெக்ஸில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கில் எழுதுகிறேன். முதல் பைட் 80 என்றால் 'இங்கிருந்து பூட் ஆகலாம்' என்று அர்த்தம், 00 என்றால் இல்லை. அப்புறம் மூன்று பைட், தட்டு தடம் என்று பழைய கணக்கில் எழுதிய முகவரி, இப்போது யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அடுத்த பைட் 07, உள்ளே இருப்பது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ், இன்றைய விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை. மறுபடி மூன்று பைட் பழைய முகவரி. கடைசி எட்டு பைட்டில்தான் விஷயம்: 00 08 00 00, பிறகு 00 00 00 10. முதல் நாலு, பார்ட்டிஷன் எந்தச் செக்டரில் தொடங்குகிறது என்பது. அடுத்த நாலு, அங்கிருந்து எத்தனை செக்டர் என்பது. இன்டெல் வழக்கப்படி பைட்டுகளைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். ஹெக்ஸ் கணக்கில் 800, நம் கணக்கில் 2048. இரண்டாவது 10000000, அதாவது 26,84,35,456 செக்டர். 512-ஆல் பெருக்கினால் சரியாக 128 ஜிபி.

'2048-ல் தொடங்கு, இத்தனை தூரம் போ.' நம் வீட்டுப் படங்கள், வரி ரசீது, பாதி எழுதிய கட்டுரை எல்லாவற்றுக்கும் எல்லை இந்த ஒரு வரிதான். வயலில் வரப்பாவது கண்ணுக்குத் தெரியும்.

இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நாலு பைட்டில் எழுதக்கூடிய எண்களுக்கு எல்லை 429 கோடிச் சொச்சம். அத்தனை செக்டர் என்றால் விண்டோஸ் கணக்கில் 2048 ஜிபி. அதனால் 3 டெராபைட் டிஸ்க்கை இந்தப் பழைய முறையில் போட்டால் 2048 ஜிபி மட்டும் கைக்கு வரும், மீதி 746 ஜிபி கண்ணெதிரே சும்மா கிடக்கும். அதற்குத்தான் ஜிபிடி என்ற புது முறை. எண்களுக்கு எட்டு பைட், விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை, எழுத்துப் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், முதல் பிரதி கெட்டுப்போனால் எடுத்துக்கொள்ள டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதி. இன்றைய லேப்டாப்புகளில் இதுதான். இதில் ஒரு அழகு இருக்கிறது. பழைய மென்பொருள் எதுவும் ஜிபிடி டிஸ்க்கைப் பார்த்து 'அட, காலி டிஸ்க்' என்று ஏமாந்து எழுதிவிடக் கூடாது என்று, 0-ஆம் செக்டரில் அந்தப் பழைய பத்திரத்தையே ஒப்புக்கு வைத்திருப்பார்கள்: 'டிஸ்க் முழுக்க ஒருத்தருக்கே சொந்தம், உனக்குத் தெரியாத ஆள்' என்று ஒரே ஒரு வரி. கட்டுகிற வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மையால் ஒரு செங்கல்லுக்கும் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. இந்த ஒரு பொம்மை மட்டும் நிஜமாகவே வேலை செய்கிறது.

பத்திரம் வேறு, நிலம் வேறு என்பது எனக்கு 2008-ல் உறைத்தது. வீட்டு கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற லினக்ஸைப் போடுகிறேன் பேர்வழி என்று தப்பான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். அதில்தான் இதே அக்கா மகனின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும். டிஸ்க்கில் நடந்தது என்னவென்றால், 16 பைட் பூஜ்யமானது, அவ்வளவுதான். படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, போய்ச் சேர வழி சொல்ல ஆள் இல்லை. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் டிஸ்க்கை முதலிலிருந்து தடவிக்கொண்டே போகும். ஒவ்வொரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் முதல் செக்டரிலும் என்டிஎஃப்எஸ் என்ற அடையாளமும் அதன் நீளமும் எழுதியிருக்கும், கடைசிச் செக்டரில் அதற்கு ஒரு நகலும் இருக்கும். இரண்டு எல்லைக்கல்லையும் பார்த்துவிட்டால் பத்திரத்தை மறுபடி எழுதிவிடலாம். ஒன்றரை மணி நேரத்தில் படங்கள் வந்தன, அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்படிப்பட்ட நிரல்கள் நன்கொடையில் ஓடுகின்றன. நம் பொறியியல் கல்லூரிகளில் வருடா வருடம் அதே நூலக மேலாண்மை ப்ராஜெக்ட்டைச் செய்து பைண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் காசிலும் உழைப்பிலும் பாதியை இதற்குக் கொடுத்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், வைத்திருப்பவர்கள் இந்தத் தைரியத்தில் இருக்க வேண்டாம். அங்கே செக்டர் எண்ணே ஒரு பாவனை, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் எந்த எண்ணை எந்தச் செல்லில் வைத்திருக்கிறது என்பது அதற்கு மட்டும் வெளிச்சம். ஃபார்மட் கொடுத்தால் 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும், அதுவும் துடைத்துவிடும்.

இப்போது மருமகன் கேள்விக்கு வருவோம். எஃப்-பில் உள்ள இடம் சி-க்கு ஏன் வராது? ஒரு வரியில் தொடக்கம் ஒன்று, நீளம் ஒன்று, இவ்வளவுதானே எழுத இடம். '2048-ல் தொடங்கி நூறு ஜிபி, பிறகு டி-யையும் ஈ-யையும் தாண்டிப்போய் எஃப்-பில் இன்னொரு நூறு' என்று எழுத வழி கிடையாது. ஜிபிடியிலும் தொடக்கமும் முடிவும்தான். சி வளர வேண்டுமென்றால் அதன் வலது வரப்பை ஒட்டி, தொட்டுக்கொண்டு, யாருக்கும் எழுதிவைக்காத இடம் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் டி-யைச் சுருக்கலாமே என்று ஷ்ரிங்க் கொடுத்துப் பார்ப்பார்கள். நானே ஒரு காலத்தில் பார்த்தேன். இடம் கிடைக்கும், ஆனால் டி-யின் வால் பக்கம் கிடைக்கும், சி-க்கும் அதற்கும் நடுவில் டி உட்கார்ந்திருக்கும். ஏன் தலைப் பக்கம் வெட்டக் கூடாது? உள்ளே ஒவ்வொரு ஃபைலின் முகவரியும் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. தெருமுனையிலிருந்து கதவு எண் போட்டிருக்கிற தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் கடைசியில் நாலு மனை சேர்த்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தெருமுனையையே பத்து மனை தள்ளிப் போட்டால், பன்னிரண்டாம் எண்ணுக்கு வந்த கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். அதனால் இடது வரப்பை நகர்த்துவதென்றால் உள்ளே இருக்கிற மொத்தத்தையும் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். விண்டோஸ் கருவி அதில் கையே வைக்காது. ஜிபார்ட்டெட் என்ற இலவச நிரல் செய்யும், மணிக்கணக்கில் ஆகும், நடுவில் கரண்ட் போனால் பாதி வீடு பழைய எண்ணில், பாதி வீடு புது எண்ணில்.

இன்னொரு வில்லன், மீட்பு பார்ட்டிஷன், விண்டோஸ் எழ மறுத்தால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் துண்டு. பெரிய அப்டேட் வரும்போது விண்டோஸ் சில சமயம் சி-யின் வால் நுனியில் சில நூறு எம்பியை வெட்டி இதை அங்கேயே நட்டுவிடும். பக்கத்தில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் இந்தத் துண்டு நடுவில் நின்று மறிக்கும். இதைப் பெரிதாக்குவதும் லேசு இல்லை: 2024 ஜனவரியில் ஒரு விண்டோஸ் 10 அப்டேட், இந்த மீட்பு பார்ட்டிஷனில் இடம் போதாததால் பலருக்கும் ஏறவே இல்லை, அதை நீங்களே 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் கமாண்டுகளை வெளியிட்டது. சாதாரண மனிதர்களுக்கு!

மருமகன் லேப்டாப்பில் அது குறுக்கே இல்லை. முதலில் பார்ட்டிஷனைத் தொடாமல் தேற்றக்கூடியதைத் தேற்றினோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே ஐஎஸ்ஓ ஃபைல் மூன்று தடவை, ஹைபர்னேட்டுக்காக ஒதுக்கின சில ஜிபி, டெம்ப் ஃபைல்கள். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டையும் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் மாற்றி எஃப்-புக்கு அனுப்பினோம். நிறைய பேருக்கு இதுவே போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். இவனுக்கு வேண்டியது இன்னும் நூறு ஜிபி, அதனால் டி-யைக் காலி செய்து எடுத்துவிடுவது என்று முடிவு. படங்களையும் காலேஜ் ஃபைல்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் தனியாக எடுத்துவைத்த பிறகுதான் மேலே போனோம்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம்டா. அதுல எதையும் அழிச்சுத் தொலைக்காதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது, ஒரு சின்ன பிரசங்கமே தயாராக இருந்தது. ஆனால் டி-யிலிருந்து எஃப்-புக்கு 180 ஜிபி போக வேண்டும், இரண்டும் ஒரே டிஸ்க், படிக்கிற தலையும் எழுதுகிற தலையும் ஒரே கையில், இங்கே கொஞ்சம் படித்து அங்கே ஓடி எழுதி மறுபடி இங்கே வந்து என்று அது தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. நாலேகாலுக்குத் தொடங்கிய காப்பி முடியும்போது மணி ஆறு பத்து.

டி-யை அழித்து, சி-க்கு எக்ஸ்டெண்ட் கொடுத்தோம். மங்கிக் கிடந்த வரி இப்போது பளிச்சென்று இருந்தது. பத்து நொடிகூட ஆகவில்லை, சி 377 ஜிபி. அக்காவிடம் மணியைச் சொன்னேன். "பாத்தியா, அதுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.