ஒளி வேகத்துல போனா நிறை கூடுமா, சைஸ் சுருங்குமா?

ஒளி வேகத்துக்குப் பக்கத்துல போற பொருளுக்கு நிறை ஏறிட்டே போகும், நீளம் சுருங்கிடும், இன்னும் வேகம் ஏத்துனா பிளாக் ஹோலாவே ஆயிடும்னு நாகர்கோவில், மார்த்தாண்டம்னு எந்த டியூஷன் சென்டர்ல கேட்டாலும் நாலு பிள்ளைங்க சொல்லும். ஐன்ஸ்டீனோட ஸ்பெஷல் ரிலேட்டிவிட்டி ஃபார்முலா மனப்பாடமா தெரியுது, அது கொள்ளாம். ஆனா அதுங்க மனசுல ஓடுற படம் வேற, வேகமா போற பொருளுக்குள்ள அணுவெல்லாம் நெருக்குப்பட்டு நசுங்குது, கனம் ஏறுதுன்னு நினைக்குதுங்க. அந்தப் படம்தான் தப்பு.

நம்ம கன்னியாகுமரியிலயே வச்சுப் பாப்போம். விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதுறப்ப சுமார் 15 கிலோமீட்டர் உயரத்துல மியூவான்னு ஒரு துகள் உண்டாகுது, அதோட சராசரி ஆயுசு வெறும் 2.2 மைக்ரோ செகண்ட். ஒளி வேகத்துலயே ஓடுனாலும் அந்த நேரத்துல 660 மீட்டர்தான் தாண்ட முடியும், அப்போ தரைக்கு ஒண்ணுகூட வரக்கூடாது இல்லையா, ஆனா நீட்டுன உள்ளங்கை வழியா செகண்டுக்கு ஒண்ணுங்கிற கணக்குல இப்பவும் போய்க்கிட்டிருக்கு. நாம பாக்குறப்ப மியூவானோட கடிகாரம் மெதுவா ஓடுது, அதான் தாக்குப்பிடிக்குது. மியூவான் பக்கம் இருந்து பாத்தா அதோட கடிகாரத்துக்கு ஒண்ணும் ஆகல, ஆனா எதிர்ல வர்ற காத்து மண்டலத்தோட உயரம் சுருங்கியிருக்கு. ஒளி வேகத்துல 99.5 சதவீதத்துல வர்ற மியூவானுக்கு அந்த 15 கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர்தான். ரெண்டு கணக்குக்கும் விடை ஒண்ணு, பத்துல ஒண்ணு தரைக்கு வந்து சேரும்.

அதே மியூவான் நேரா மேல இருந்து இறங்குதுன்னு வச்சுக்குங்க, 133 அடி வள்ளுவர் சிலை அதுக்கு 13 அடி சொச்சம்தான். ஆனா சிலையோட அகலம் அப்படியே இருக்கும், பக்கத்துல படுத்துக் கிடக்குற 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தோட நீளமும் ஒரு மில்லிமீட்டர்கூட குறையாது, ஏன்னா சுருக்கம் ஓடுற திசையில மட்டும்தான். சரி, சிலையில ஒரு கல்லாவது நெருக்குப்பட்டுச்சா? இல்ல. அங்க நிக்கிற நமக்கு ஏதாவது தெரிஞ்சுதா? அதுவும் இல்ல. பொருளுக்கு எதுவும் ஆகல, யார் அளக்குறாங்கங்கிறது மாறுச்சு, அதனால இடத்தையும் நேரத்தையும் அளக்குற கணக்கு மாறுச்சு, அவ்வளவுதான்.

இப்போ நிறைக்கு வருவோம், குழப்பம் அதிகமா இருக்குறது இங்கதான். வேகம் கூடக் கூட தள்ளுறது கஷ்டமாகுதுங்கிறது நூத்துக்கு நூறு உண்மை. ஜெனீவா பக்கத்துல செர்ன்ங்கிற துகள் ஆராய்ச்சிக்கூடத்துல 27 கிலோமீட்டர் வளையத்துல ஓடுற புரோட்டான், ஒளியை விட செகண்டுக்கு 3 மீட்டருக்கும் கம்மியாதான் பின்தங்குது, அதுக்கு மேல எவ்வளவு எனர்ஜி ஊட்டுனாலும் வேகம் ஏறுறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். உடனே நிறை கூடிடுச்சுன்னு சொல்றது எளுப்பம். ஆனா 99.5 சதவீத வேகத்துல போற ஒரு பொருளை ஓடுற திசையிலயே தள்ளிப் பாருங்க, 1000 மடங்கு நிறை இருக்குற மாதிரி எதிர்க்கும், பக்கவாட்டுல தள்ளுனா 10 மடங்குதான். ஒரு பொருளுக்கு திசைக்கு ஒரு நிறை இருக்க முடியுமா? அதனாலதான் இப்போ துகள் இயற்பியல்காரங்க நிறைன்னு சொன்னா, பொருள் அசையாம இருக்குறப்ப உள்ள அந்த ஒரே நிறையைத்தான் சொல்றாங்க, வேகத்தோட ஏறுறது எனர்ஜியும் உந்தமும். ஐன்ஸ்டீனே 1948ல லிங்கன் பார்னெட்ங்கிற எழுத்தாளருக்கு எழுதுன கடிதத்துல வேகத்தோட மாறுற நிறைங்கிற கருத்தைக் கொண்டுவராம இருக்குறதே நல்லதுன்னு சொல்லியிருக்காரு. அப்புறமும் பல புத்தகத்துல அது தொடருது, எனக்கு அதுல வருத்தம்தான், ஏன்னா பிளாக் ஹோல் கதை அங்க இருந்துதான் கிளம்புது.

அந்தக் கதை நிக்காதுங்கிறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் ஒண்ணு இருக்கு. 1991ல அமெரிக்காவுல யூட்டாவுல ஒரு காஸ்மிக் கதிர் துகளைப் பதிவு பண்ணுனாங்க, எனர்ஜி சுமார் 300 மில்லியன் டெரா எலக்ட்ரான் வோல்ட் (துகளோட எனர்ஜியை அளக்குற அலகு). அது புரோட்டான்னு வச்சுக்கிட்டா, அது பக்கம் இருந்து அளந்தா நம்ம பூமி முழுசும் 0.04 மில்லிமீட்டர் தடிமன்தான், பழைய கணக்குப்படி நிறையும் முப்பதாயிரம் கோடி மடங்கு. வேகம் ஒரு பொருளை பிளாக் ஹோல் ஆக்கும்னா பூமி அன்னைக்கே ஆகியிருக்கணும். ஆகல. ஏன்னா ஒரு பொருள் பிளாக் ஹோல் ஆகுமாங்கிறதை அது அசையாம இருக்குற பார்வையில எவ்வளவு நிறை எவ்வளவு இடத்துல அடைஞ்சிருக்குங்கிறதுதான் முடிவு பண்ணும், வேகமா போற ஒருத்தர் எட்டிப் பாத்தாருங்கிறதுக்காக அது மாறாது.

இன்னொண்ணு, அளக்குறதும் கண்ணால பாக்குறதும் வேற வேற. பொருளோட ஒவ்வொரு பக்கத்துல இருந்தும் வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வர்ற நேரம் வித்தியாசப்படும், அதனால படுவேகமா போற பந்தை போட்டோ எடுத்தா நசுங்குன மாதிரி இருக்காது, அதோட விளிம்பு வட்டமாவேதான் தெரியும், பந்து கொஞ்சம் திரும்பியிருக்குற மாதிரி இருக்கும். இதை பென்ரோஸ், டெரெல்னு ரெண்டு இயற்பியல்காரங்க 1959ல தனித்தனியா கணக்குப் போட்டுக் காட்டுனாங்க, ஸ்பெஷல் ரிலேட்டிவிட்டி வந்து 54 வருஷம் கழிச்சு.