இறக்கத்தில் ஓடும்போது தொடைக்குள் என்ன நடக்கிறது?

சிவனொளிபாத மலைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது என்பார்கள். அதெல்லாம் உச்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததுமே அடங்கியிருக்கும். அடங்காதது தொடை. மறுநாள் கட்டிலை விட்டு எழும்பும்போது இரண்டு தொடையும் பிடித்துக்கொள்ளும். வாசற்படி இறங்கக்கூட சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். மலையின் உயரம் 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கம் 5,000க்கு மேற்பட்ட படிகள். அவ்வளவு படி ஏறினால் வலிக்காதா என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்த வலி ஏறியதால் வந்ததல்ல, இறங்கியதால் வந்தது.

மண்பாதையில் ஓடுகிறவர்களுக்கும் ஓட்டம் நடத்துகிறவர்களுக்கும் இது மிகவும் வேண்டிய செய்தி. தை பிறந்தால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் மழை குறைந்து தோட்டப் பாதைகள் காயத் தொடங்கும். சித்திரையில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் வேறு. இந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் ஊரவர்களே சேர்ந்து இலவச ஓட்டத் தொடர் ஒன்றை நடத்துவது பெரிய காரியம் இல்லை. பாதையில் ரிப்பன் கட்ட நாலு பேர், நேரம் குறிக்க இரண்டு பேர், முடிவில் எல்லாருக்கும் ஒரு பிளேன்டி போதும். லண்டனில் புஷி பூங்காவில் 2004 ஒக்டோபரில் வெறும் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இப்படித்தான் வளர்ந்தது. வாராவாரம் 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை, வேலை எல்லாம் தொண்டர்கள் கையில். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது.

நம் ஊருக்கு வருடத்தில் ஒரு பெரிய போட்டியை விட, இரண்டு வார இடைவெளியில் ஐந்தாறு சின்ன ஓட்டங்களே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். செலவுக் கணக்கு பார்த்துச் சொல்லவில்லை. தொடைத் தசை இறக்கத்துக்குப் பழகும் விதம் அப்படி.

முதலில் ஏற்றத்தைப் பார்த்துவிடலாம். இத்தாலிய உடலியலாளர் மினெற்றியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட அளவீடு ஒன்று இருக்கிறது. சமதரையில் ஓடும்போது உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் சுமார் 3.4 ஜூல் சக்தி செலவாகிறது. 100 மீற்றருக்கு 20 மீற்றர் உயரும் ஏற்றத்தில் அதே செலவு சுமார் 9 ஜூல். அதே சரிவில் இறங்கும்போது 1.7 ஜூலுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. ஓட்டத்துக்கு மிகக் குறைந்த செலவே அந்தச் சரிவில்தான். அதை விடச் செங்குத்தாக இறங்கினால் காலைப் பிடித்து நிறுத்தும் வேலை கூடுவதால் செலவும் மறுபடி ஏறத் தொடங்கும். ஏறி இறங்கும் செலவைக் கூட்டிப் பாதியாக்கினால் 5.4 வருகிறது, சமதரையை விட ஒன்றரை மடங்கு. ஏற்றம் வாங்கியதை இறக்கம் முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கொழும்பில் 5 கிலோமீற்றரை அரை மணி நேரத்தில் முடிப்பவர், ஹப்புத்தளையில் அதே நேரத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துதான் போவார்.

செங்குத்தான இடத்தில் நடப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சரிவு 15 பாகையைத் தாண்டினால், ஒரே வேகத்தில் மேலே போவதற்கு ஓட்டத்தை விட நடைக்குத்தான் சக்தி குறைவாகச் செலவாகிறது. கையை முழங்காலில் ஊன்றி நடந்து ஏறுபவரைப் பார்த்து யாராவது சிரித்தால், சிரிப்பவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

உயரமும் கொஞ்சம் பிடித்து இழுக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வளி அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 வீதம்தான். காற்றில் ஒட்சிசனின் பங்கு மாறுவதில்லை, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. அங்கேயே வாழ்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. கீழிருந்து வருகிறவர்கள் முதல் கிலோமீற்றரை மெதுவாக ஓடினால் சமாளித்துவிடலாம்.

சரி, இறக்கத்துக்கு வருவோம். ரம்பொடை இறக்கத்தில் சுமை ஏற்றிய லொறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கிற வேலை அங்கே கிடையாது, முழுக்கப் பிடித்து நிறுத்துகிற வேலை. இறங்கி ஓடும்போது தொடையின் முன்பக்கத் தசைக்கும் அதே வேலைதான். ஒவ்வொரு முறை பாதம் தரையில் பட்டதும் முழங்கால் மடியும். அது முழுதாக மடிந்து நாம் விழுந்துவிடாமல் தசை இறுகிப் பிடிக்கிறது. இறுகிப் பிடித்தபடியே அது நீள்கிறது. வழக்கமாகத் தசை இறுகினால் சுருங்கும். ஏறும்போது அப்படித்தான். இங்கே சுருங்கப் பார்க்கும் தசையை உடலின் பாரம் வெளியே இழுத்து நீட்டுகிறது. அந்தப் பாரமும் லேசானது இல்லை. கொட்ஷால், கிராம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீட்டில், 9 பாகை இறக்கத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசையின் உச்சம் சமதரையை விட 54 வீதம் கூடியிருந்தது. பின்னோக்கித் தடுக்கும் விசையின் உச்சம் 73 வீதம் கூடியிருந்தது.

இவ்வளவு விசை வந்தும் மூச்சு ஏன் வாங்குவதில்லை? 1952இல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இதற்கு அருமையான ஒரு பரிசோதனை செய்தார்கள். இரண்டு சைக்கிள்களைப் பின்புறத்தோடு பின்புறமாகப் பொருத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல முன்னோக்கி மிதிக்க, மற்றவருடைய மிதி பின்னோக்கிச் சுழலும். அவர் அந்தச் சுழற்சியைக் காலால் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருவர் கால்களிலும் விசை ஒன்றேதான். ஆனால் தடுப்பவர் செலவழித்த ஒட்சிசன் மிதிப்பவர் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான். லண்டன் ரோயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, மிதித்த இளைஞன் களைத்துப்போக, தடுத்த இளம்பெண் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார் என்பது உடலியல் வரலாற்றில் பிரபலமான சங்கதி.

காரணம் தசைநாருக்குள் இருக்கிறது. தசையில் அக்டின், மயோசின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இழுக்கின்றன. சுருங்கும்போது ஒவ்வொரு கொக்கியையும் கழற்றி மறுபடி மாட்டச் சக்தி வேண்டும். நீட்டப்படும்போது வெளியிலிருந்து வரும் பாரமே பல கொக்கிகளைப் பிய்த்துவிடுகிறது, உடல் அவ்வளவாகச் செலவழிக்க வேண்டியதில்லை. அதோடு நீளும் தசையால் கூடுதல் விசையைத் தாங்க முடிவதால், மூளை குறைந்த எண்ணிக்கையான தசைநார்களையே வேலைக்கு இறக்குகிறது. குறைந்த ஆட்கள், கூடிய பாரம். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

தசைநாரின் நெடுகிலும் சார்கோமியர் எனப்படும் நுண்ணிய அலகுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. இழுவை வரும்போது பலம் குறைந்தவை அளவுக்கு மீறி நீண்டு, உள்ளிருக்கும் இழைகள் ஒழுங்கு குலைகின்றன. ஆயிரக்கணக்கான அடிகள் விழும்போது சில நார்களின் சவ்வும் கிழிந்து, கல்சியம் கசிந்து, உடலின் திருத்த வேலைக்காரர்களான நோய் எதிர்ப்புக் கலங்கள் அங்கே வந்து சேர்கின்றன. இதற்கெல்லாம் நேரம் எடுப்பதால்தான் வலி உடனே வருவதில்லை. அரை நாள், ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்குகிறது.

லக்டிக் அமிலம் தேங்கியதால்தான் இந்த வலி என்று மைதானங்களில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. 1902இலேயே தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், தாமதித்து வரும் வலிக்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். 1983இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் ஒரே ஆட்களை ட்ரெட்மில்லில் 45 நிமிடம் சமதரையிலும், இன்னொரு நாள் இறக்கத்திலும் ஓடவிட்டார்கள். சமதரையில் இரத்தத்தில் லக்டிக் அமிலம் கூடியது, பின்பு வலி வரவில்லை. இறக்கத்தில் லக்டிக் அமிலம் கூடவே இல்லை, நன்றாக வலித்தது. இதற்குப் பிறகும் அந்தப் பழைய விளக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நியாயமில்லை.

புதிதாக வருகிறவரின் ஆபத்தும் இங்கேதான். ஏற்றத்தில் மூச்சு எச்சரிக்கிறது, வேகத்தைக் குறைக்கிறோம். இறக்கத்தில் மூச்சு இலகுவாக இருக்கிறது, குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது, கால் தானாக ஓடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. முதல் ஓட்டத்திலேயே, உயரக் கணக்கில் 600, 700 மீற்றர் இறக்கத்தை வைத்துவிட்டால், ஆசையாக வந்த பிள்ளை ஒரு வாரம் நொண்டி, இது நமக்குச் சரிவராது என்று விட்டுவிடும்.

உடலிடம் இதற்கு அழகான ஒரு பதில் இருக்கிறது. ஒரு முறை இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, சில வாரங்களுக்குள் அதே இறக்கத்தை மறுபடி ஓடினால் முதல் முறையில் ஒரு பகுதி அளவுக்கே சேதப்படுகிறது. ஒரே ஒரு தடவை போதும். முதல் தடவை வலி உண்டாகாத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் கொஞ்சம் பாதுகாப்புக் கிடைக்கிறது. அது பல வாரங்கள் நீடிக்கும். கைத்தசையில் செய்த சில பரிசோதனைகளில் ஆறு மாதம்வரை கூட அதன் தடயம் இருந்தது. 1994இல் லின், மோர்கன் இருவரும் எலிகளைச் சாய்வான பாதையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, இறங்கி ஓடிப் பழகிய எலிகளின் தொடைத் தசைநார்களில், ஏறி ஓடியவற்றை விட வரிசையில் கூடுதல் சார்கோமியர்கள் சேர்ந்திருந்தன. அலகுகள் கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறையும். அதோடு நரம்புகள் வேலையைக் கூடுதலான நார்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, நார்களைச் சுற்றியுள்ள இணைப்பு இழையமும் வலுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே தொடரின் முதல் ஓட்டம் 3 கிலோமீற்றர், மொத்த இறக்கம் 100 மீற்றருக்குள் இருக்கட்டும். இரண்டு வாரம் விட்டு அடுத்ததில் 150 அல்லது 200 மீற்றர். பங்குனியில் 300. நீண்ட இறக்கம் உள்ள பாதையைக் கடைசி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். லிப்டன் சீட்டிலிருந்து தம்பேதென்னை வரை இறங்குகிற மாதிரியான பாதைகளுக்கு அதுவரை பொறுத்திருப்பது நல்லது. இரண்டு வார இடைவெளியும் காரணத்தோடுதான். வலி போன பிறகும் தசையின் பலம் முழுதாகத் திரும்பச் சில நாள் எடுக்கும், ஆனால் பழகிய பலன் அதற்குள் கரைந்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நிரை பிடித்து, கொழுந்துப் பாரத்தோடு மலை ஏறி இறங்குகிற பெண்களின் தொடைகள் இந்தப் பயிற்சியை ஏற்கனவே பெற்றவை. அவர்கள் சரிவில் இறங்குவதைக் கவனியுங்கள். அடி சின்னதாக இருக்கும், முழங்கால் லேசாக மடிந்தே இருக்கும், பாதம் உடலுக்கு நேர் கீழே விழும். ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். அடியை நீட்டி வைத்துக் குதிகாலால் ஊன்றி, உடலைப் பின்னால் சாய்த்தால் தடுக்கும் விசை கூடும், சறுக்கவும் செய்யும். கட்டணமும் விலை உயர்ந்த சப்பாத்தும் கேட்காத ஓட்டத்தில் இந்தப் பெண்கள்தான் முதலில் நிற்க வேண்டியவர்கள். வேலை இல்லாத ஞாயிறு காலையில், தோட்டத்துக்குள்ளேயே, அவர்கள் வீட்டு வேலைக்கும் நேரம் விட்டு வைத்தால் வருவார்கள்.

காலையிலேயே முடிப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமுழக்கத்தோடு மழை கொட்டும். மின்னல் கூடிய மாதங்கள் அவை, திறந்த தேயிலை மலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை தை மாதத்திலும் தொடரக்கூடும் என்பதால் அங்கே சற்றுப் பிந்தித் தொடங்கலாம். ஓட்டத்துக்கு முதல் நாள் இருவர் பாதை முழுக்க நடந்து குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். தோட்டத்தில் குளவி கொட்டி உயிரிழந்தவர்களை நாம் எல்லாரும் அறிவோம். கூடு கண்டால் அந்தப் பக்கமே போகாமல் பாதையை மாற்ற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் ஓட்டம் தள்ளிப்போகட்டும். கொழுந்து நிரைக்குள் இறங்காமல் பாதையிலேயே ஓட வேண்டும், தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

ஓடி முடித்த பிறகு வலித்தால் பயப்பட வேண்டாம். மெதுவாக நடப்பது நல்லது, செங்குத்தான இறக்கத்தை மட்டும் சில நாள் தவிர்க்கலாம். ஆனால் தொடை வீங்கி, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைகாசிக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் தொடர் நின்றுவிடும். அட்டையும் சேறுமாக அடுத்த சில மாதங்கள் போகும். அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை ஒரு சின்ன இறக்கமாவது ஓடி வைத்தவருக்குத் தசையின் பழக்கம் விட்டுப்போகாது. முழுதாக நிறுத்தியவர் அடுத்த தையில் மறுபடி அந்த 100 மீற்றர் இறக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும்.