நானோ தண்டுக்கு முலாம் எதற்கு?

சிங்கப்பூரில் இப்போது சூரிய மின்சாரம் பேசாத இடமில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் கூரைகளில் பலகை ஏறிவிட்டது, தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் மிதக்கவும் செய்கிறது. அதனால் அந்த அறிவியலும் தமிழில் அடிக்கடி வருகிறது, கூடவே, சூரிய மின்கலத்தில் ஒளியைப் பிடிக்கும் மிக நுண்ணிய தண்டுகளைச் சொல்ல ‘முலாம் பூசப்பட்ட நானோ தண்டுகள்’ என்பதும் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் பார்த்தேன். இது தவறு.

நானோ கிரேக்கச் சொல், குள்ளன் என்று பொருள். அளவில், மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. முலாம் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. வேற்றுமொழிச் சொல் என்பது என் குறை இல்லை, பொருள்தான் குறை. முலாம் என்றால் உலோகம். சிராங்கூன் சாலை நகைக்கடையில் வளையலைத் திருப்பிப் பார்த்து “தங்கமா, முலாமா?” என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியிலேயே ‘உள்ளே வேறு, வெளியே வேறு’ என்ற சந்தேகம் இருக்கிறது. பொய்க்கு முலாம் பூசுவதும் அதே பொருளில்தான்.

நானோ தண்டில் நடப்பது வேறு. துத்தநாக ஆக்சைடு என்ற குறைக்கடத்தியால் (மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருளால்) ஆன தண்டு புற ஊதாக் கதிரை மட்டும்தான் உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும். மேலே காட்மியம் சல்ஃபைடு பூசினால் அது நீல ஒளியையும் பிடித்து, அதில் விடுபடும் எலக்ட்ரானைத் தண்டுக்குள் தள்ளிவிடுகிறது. வெறும் தண்டின் மேற்பரப்பில் உள்ள குறைகளில் எலக்ட்ரான் மாட்டி, துளையோடு, அதாவது எலக்ட்ரான் விட்டுப் போன காலி இடத்தோடு, மறுபடி சேர்ந்து வீணாவதும் உண்டு. அதைக் குறைக்க டைட்டானியம் ஆக்சைடை மெல்லிசாகப் பூசுகிறார்கள். இதில் எது உலோகம், எது பளபளப்பு? உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை இதைப் படித்தால் தங்கக் கம்பியைத்தானே நினைக்கும்!

‘பூச்சு’ இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று? சுண்ணாம்பு, சந்தனம், மருந்து எல்லாம் பூசுகிறோம். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டுக் களிம்பேறாமல் ஈயம் (வெள்ளீயம்) பூசினார்கள். அது உலோகம்தான், ஆனாலும் வீட்டுப் பேச்சில் ஈய முலாம் என்று பொதுவாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அது வேலை செய்யும் பூச்சு. சுற்றிலும் முழுதாக மூடியிருந்தால் ‘உறை’ என்றும் சொல்லலாம். சிலர் ‘ஓடு’ என்கிறார்கள், அது முட்டைக்கும் தேங்காய்க்கும் இருக்கட்டும்.

பூசியது என்ன பொருள் என்று கேட்காமலே அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுவதுதான் இங்கே மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. அந்த வரியை ‘காட்மியம் சல்ஃபைடு பூசிய நானோ தண்டு’ என்று எழுதியிருந்தாலே போதும்.