காபி சக்கை: கறுப்பாகக் கரைந்தால் போதுமா?

மறுபடியும் ஒரு டைஜஸ்டர் (சாண எரிவாயுக் கலன்) அமிலம் ஏறிப் புளித்துவிட்டது. கூடுதல் வாயு வருமென்று காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துச் சூடாக்கிய, காபி வடித்த சக்கையை மொத்தமாக ஒரே நாளில் ஊற்றியிருக்கிறார்கள். "நன்றாகக் கரைந்தது சார், தண்ணீர் தார் மாதிரி கறுப்பாக வந்தது" என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். அடுத்த சில நாளிலேயே பர்னரில் சுடர் நிற்கவில்லை. இதே கதையை எத்தனை இடத்தில் கேட்பது?

அந்தக் கறுப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். சக்கையின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும். இவற்றை லிக்னின் என்ற மரத்தன்மைப் பொருள் இறுக்கிப் பிடித்திருக்கிறது. காஸ்டிக் போன்ற காரம் அந்தப் பிடியைத் தளர்த்தும், உண்மைதான். ஆனால் காரம் ஆள் பார்த்துக் கரைப்பதில்லை. சர்க்கரைகளோடு லிக்னின் துண்டுகள், பாலிஃபீனால்கள், வறுக்கும்போது உருவான மெலனாய்டின்கள் எல்லாம் சேர்ந்தே நீரில் இறங்குகின்றன. நிறம் பெரும்பாலும் இவற்றுடையதுதான். இவற்றில் பலவற்றை நுண்ணுயிர்கள் தொடவே தயங்கும். சில அவற்றையே முடக்கிவிடும். நீர் கறுத்தால் ஏதோ கரைந்தது என்று தெரியும். எரியும் வாயுவான மீத்தேன் வருமா என்பது அதிலிருந்து தெரியாது.

ஆய்வக அறிக்கையோடு வருபவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "கரைந்த சிஓடி இரண்டு மடங்காகிவிட்டது" என்பார்கள். சிஓடி என்பது நீரில் உள்ள பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. அந்தச் சோதனையில் டைக்குரோமேட் என்ற வலுவான வேதிப்பொருள் லிக்னின் துண்டையும் ஆக்சிஜனேற்றிவிடும். காற்றில்லாக் கலனுக்குள் இருக்கும் உயிர்களுக்கு அந்த வலு கிடையாது.

தெரிய வேண்டியதை மீத்தேன் திறன் சோதனை சொல்லும். விதைச் சேறு (ஓடும் கலனிலிருந்து எடுத்த, நுண்ணுயிர் நிறைந்த சேறு) கலந்த பதப்படுத்திய சக்கை, அதே சேறு கலந்த பதப்படுத்தாத சக்கை, வெறும் விதைச் சேறு என மூன்றையும் தனித்தனி மூடிய பாட்டில்களில் போட்டு, சுமார் 37 டிகிரியில் ஒரு மாதம் வையுங்கள். வரும் வாயுவைக் காரக் கரைசல் வழியே விட்டு, கார்பன் டை ஆக்சைடைக் கழித்துவிட்டு, மீத்தேனை மட்டும் அளந்து பாருங்கள். தயவுசெய்து, வடிகட்டிக் கொட்டிய நீரை மறந்துவிட்டு மிஞ்சிய சக்கையின் எடையால் வகுக்காதீர்கள். தொடக்கத்தில் எடுத்த எடைதான் கணக்கு. பார்ப்பதற்கு அருமையாக இருக்கும் பல "கூடுதல் விளைச்சல்கள்" இந்த ஒரு வகுத்தலில் காணாமல் போயிருக்கின்றன.

அடுத்தது சோடியம். 100 கிராம் உலர் சக்கைக்கு 1 லிட்டர் கரைசலில் 10 கிராம் காஸ்டிக் என்றால் சோடியம் மட்டும் 5.75 கிராம். லிட்டருக்கு 3.5 கிராமைத் தாண்டினாலே மீத்தேன் உயிர்கள் தளரத் தொடங்கும். 8 கிராமில் கடுமையாக ஒடுங்கும். "அமிலம் விட்டுச் சமன்படுத்திவிட்டேன்" என்கிறீர்கள். பிஹெச் இறங்கும், சோடியம் எங்கே போகும்? கந்தக அமிலத்தால் சமன்படுத்தினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு கூடும்.

சூடாக்குபவர்கள் இதையும் கணக்குப் போடுங்கள். 1 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற சுமார் 270 கிலோ ஜூல் வேண்டும். அதில் ஊறும் 100 கிராம் உலர் சக்கையிலிருந்து, பதப்படுத்தாமலே, 25 லிட்டர் மீத்தேன் வருவதாக வைத்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 900 கிலோ ஜூல். வெப்பத்தை மீட்காவிட்டால், விளைச்சல் 30 சதவீதம் கூடினால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். இன்னும் சூட்டை ஏற்றி 180 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் சர்க்கரை சிதைந்து ஃபர்ஃப்யூரால் என்ற நச்சு உண்டாகி அதுவும் எதிரியாகும். அரைப்பதற்கு இயந்திரம் வாங்க வேண்டாம். சக்கை ஏற்கெனவே அரைத்த தூள்தானே!

எண்ணெயை மறக்காதீர்கள். உலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கும். காரம் பட்டால் சோப்பாகி நுரைக்கும், பிரியும் கொழுப்பமிலங்கள் நுண்ணுயிர்களின் மேல் படிந்து அவற்றை அடக்கும். சிறிது சிறிதாகக் கொடுத்தால் இதே எண்ணெய்தான் சர்க்கரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் மீத்தேன் தரும் நல்ல தீனி. காரம் வேண்டுமென்றால் சுண்ணாம்பைப் பரிசீலியுங்கள்: சோடியம் தொல்லை இல்லை, கால்சியம் அந்தக் கொழுப்பமிலங்களில் ஒரு பகுதியைப் படியவைக்கும். குழாயில் பொருக்குக் கட்டும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கையைத் தனியாகப் போடாதீர்கள். சாணத்தோடு கலந்து, குறைந்த அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் ஏற்றுங்கள். பதப்படுத்திய சக்கை வேகமாக அமிலமாகும் என்பதால் கூடுதல் நிதானம் வேண்டும். பிஹெச் விழுந்த பிறகு பார்ப்பது காலம் கடந்த வைத்தியம்; ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) உள்ள விகிதத்தைப் பாருங்கள். 0.4ஐத் தாண்டினால் அன்றே தீனியை நிறுத்துங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே புளித்துவிட்டதா? பதறிப்போய் மேலும் காஸ்டிக் ஊற்றிவிடாதீர்கள். தீனியை நிறுத்துங்கள், பைகார்பனேட்டை அளந்து சேருங்கள், நன்றாக ஓடும் வேறொரு கலனிலிருந்து சேறு கொண்டுவந்து விடுங்கள். அமிலம் இறங்கும்வரை ஒரு பிடி சக்கைகூட உள்ளே போகக் கூடாது.