பழைய கணப்பின் வார்ப்பிரும்புப் பின்தகடு: வாங்குவோரும் வைத்திருப்போரும் கவனிக்க வேண்டியவை

தென்கிழக்கு இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இரும்பு வேலைகளைச் சீர்செய்வது என் தொழில். அங்கே பழுது நீக்கக் கொடுக்கப்படும் பொருள்களில் கணப்பின் பின்தகடு முக்கியமானது. திறந்த கணப்பில் விறகு எரியும் இடத்துக்குப் பின்னால், செங்கல் சுவரின் முன்பாக நிறுத்தப்படும் கனத்த வார்ப்பிரும்புத் தகடு அது. தீ நேரடியாகத் தாக்காமல் சுவரைக் காப்பதோடு, வாங்கிய வெப்பத்தை அறைக்குள் திருப்பி வீசுவதும், தணல் அடங்கிய பின்பும் சில மணி நேரம் கதகதப்பைத் தருவதும் அதன் வேலை. நான் பார்க்கும் சேதங்களில் பெரும்பாலானவை தகட்டின் வயதால் வந்தவை அல்ல. அதை அசையவிடாமல் சுவரோடு இறுக்கியதாலும், பளிச்சென்று ஆக்க நினைத்துச் சுரண்டியதாலும் வந்தவை.

சசெக்ஸ், கென்ட் மாவட்டங்களில் பரவியுள்ள வீல்ட் என்னும் காட்டுப் பகுதியில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், காற்றை ஊதி இரும்பை உருக்கும் ஊதுலைகள் வந்தன. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இத்தகடுகள் அங்கே ஏராளமாக வார்க்கப்பட்டன. ஈர மணல் பரப்பில் மரப்பலகையை அழுத்திப் பள்ளம் செய்து, அதில் கயிற்றுத் துண்டு, பூ, எழுத்து, குடும்பச் சின்னம் என்று கைக்குக் கிடைத்த சிறு அச்சுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, உருகிய இரும்பை மேலே மூடியில்லாமல் ஊற்றினார்கள். ஆகவே மணலைத் தொட்ட முன்பக்கம் வேலைப்பாட்டோடும், காற்றைப் பார்த்திருந்த பின்பக்கம் கரடுமுரடாகவும் இருக்கும். பிரீட் என்ற ஊரின் உலையில் வேலை செய்த ரிச்சர்ட் லெனார்ட் 1636இல் தன் பெயரோடும் தன் தொழிற்கருவிகளோடும் தன்னையே ஒரு தகட்டில் வார்த்து வைத்திருக்கிறார். அடுப்படிப் பொருளில் இப்படிக் கையொப்பமிட்ட தொழிலாளி அபூர்வம். தொடக்ககாலத் தகடுகள் அகன்றும் தாழ்ந்தும் இருக்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாலந்துப் பாணியைப் பின்பற்றி உயர்ந்து குறுகின. நிலக்கரியும் அதற்கேற்ற சிறிய கணப்பும் வந்தபின் இவற்றின் தேவை குறைந்தது.

வாங்க வருவோர் முதலில் ஆண்டைத்தான் படிக்கிறார்கள். தகட்டில் உள்ள ஆண்டு, அது வார்க்கப்பட்ட ஆண்டு என்பதற்குச் சான்று ஆகாது. பழைய அச்சுகளைத் தலைமுறைகள் கடந்தும் பயன்படுத்தினார்கள். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பழைய தகட்டையே அச்சாக வைத்து நகல்களும் எடுத்தார்கள். நகலைக் கண்டுகொள்ள இரண்டு வழிகள் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. முதலாவது, பின்பக்கத்தைப் பார்ப்பது: மேலும் கீழும் மூடிய பெட்டியில் வார்த்த தகட்டின் பின்பக்கம் சமமாகவும், கனம் எங்கும் ஒரே சீராகவும் இருக்கும். இரண்டாவது, அளப்பது: இரும்பு குளிரும்போது ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்குவதால், 80 செ.மீ. அகலத் தகட்டை அச்சாக வைத்து எடுத்த நகல் சுமார் 8 மி.மீ. குறைந்திருக்கும்; அருங்காட்சியகத்தில் அதே வடிவம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். முகங்களும் எழுத்தோரங்களும் மழுங்கியிருப்பதும் ஐயத்துக்குரியதே, என்றாலும் முந்நூறு ஆண்டுத் தீயும் அதையே செய்யும்.

பிரெஞ்சுத் தகடு வாங்குபவர்கள், பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூச் சின்னமும் கிரீடமும் உளியால் செதுக்கி எடுக்கப்பட்டிருந்தால் அதைக் குறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. புரட்சி அரசு 1793இல் அரச, நிலவுடைமைச் சின்னங்களை வீட்டுக் கணப்புகளிலிருந்தும் அகற்ற உத்தரவிட்டது. செதுக்க மனமில்லாதவர்கள் தகட்டையே திருப்பி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிதைவும் வரலாறுதான். அதைப் பிசின் வைத்து நிரப்பித் தரும் வணிகரிடம் நான் வாங்க மாட்டேன்.

விரிசலைக் கண்டறிய, தகட்டை மரக்கட்டைகள் மேல் நிறுத்தி மரச்சுத்தியால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு நீண்டு ஒலிக்கும். விரிசல் உள்ளது மொத்தென்று அடங்கிவிடும். விரிசல் பெரும்பாலும் தீ அதிகம் படும் அடிப்பகுதியின் நடுவில் தொடங்கி மேலேறும். பின்னால் இரும்புப் பட்டை வைத்து ஆணி அடித்த பழைய ஒட்டுவேலை உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். சாதாரண வெல்டிங்கை அனுமதிக்காதீர்கள்: வார்ப்பிரும்பில் கார்பன் மிகுதி என்பதால், முழுவதையும் முன்கூட்டிச் சூடாக்காமல் ஓரிடத்தில் மட்டும் உருக்கினால் பற்றுவைத்த இடத்தின் அருகிலேயே புதிய விரிசல் ஓடும். தினமும் தீ மூட்டும் கணப்பாக இருந்தால், அரிய பழந்தகட்டைச் சுவரோரம் காட்சிக்கு வைத்துவிட்டு, நல்ல நகல் ஒன்றைத் தீக்குப் பின்னால் நிறுத்துங்கள் என்றே சொல்வேன். விற்பவர்களுக்கு இந்த ஆலோசனை பிடிப்பதில்லை.

அகலம் விறகுத் தாங்கியைவிடக் குறையக் கூடாது. உயரம், கணப்பின் பின்சுவர் முன்நோக்கிச் சரியத் தொடங்கும் இடத்துக்குக் கீழே நின்றுவிட வேண்டும். 75 செ.மீ. சதுரமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள தகடு ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். அதை ஒருவர் தூக்க முயல்வதும், தளம் தாங்குமா என்று பாராமல் வைப்பதும் ஆபத்து.

பொருத்தும்போதுதான் மிகுந்த கேடு விளைகிறது. 90 செ.மீ. அகலத் தகடு 400 டிகிரி சூடேறும்போது கிட்டத்தட்ட 4 மி.மீ. விரியும். அந்தச் சிறு இடமும் கிடைக்காதபடி நான்கு ஓரமும் சிமெண்ட் பூசி இறுக்கினால், ஒன்று தகடு பிளக்கும், அல்லது செங்கல் உதிரும். தகட்டின் எடை முழுவதும் தளத்திலோ, இரு ஓரங்களில் வைத்த தீச்செங்கற்களிலோ இறங்க வேண்டும். பின்சுவருக்கும் தகட்டுக்கும் இடையே ஓரிரு செ.மீ. வெளி இருக்க வேண்டும். முன்னால் சாயாமல் தடுக்க, சுவரில் அடித்த இரும்புக் கொக்கிகள் தகட்டை நெருக்காமல் தழுவி நிற்க வேண்டும். தகட்டில் துளை போட்டுத் திருகாணி முடுக்குவதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. பின்சுவர் சிதைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தகட்டால் மறைத்துவிட்ட ஓட்டை வழியாகப் புகையும் நச்சுவாயுவும் அடுத்த அறைக்குப் போகலாம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத அறையில் தீ மூட்டவே கூடாது.

நீண்ட காலம் குளிர்ந்து கிடந்த தகட்டின் முன் முதல் நாளே பெருந்தீ மூட்டாமல், சில நாள்கள் சிறு தீயாக எரித்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். சூடான தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்காதீர்கள். தோசைக்கல்லைப் பழக்கிய கைகளுக்கு இதிலும் எண்ணெய் தேய்க்கத் தோன்றும். இங்கே எண்ணெய் புகைந்து நாறி, சாம்பலையும் கரியையும் பிடித்துக்கொண்டு வேலைப்பாட்டை மூடிவிடும். தளர்ந்த துருவைக் கெட்டியான நார்த் தூரிகையாலும், பிடிவாதமானதைப் பித்தளைத் தூரிகையாலும் நீக்கிவிட்டு, கிராஃபைட் பசையை மெல்லியதாகத் தடவித் தேய்த்தால் போதும். மணலை வேகமாகப் பீய்ச்சித் துரு நீக்கும் மணல் வீச்சு, வார்ப்பின் மேல்தோலையும் நுண்ணிய கோடுகளையும் சேர்த்துத் தின்றுவிடும். அமிலம் இரும்பின் நுண்துளைகளில் தங்கி, மாதங்கள் கழித்துப் புதுத் துருவாக வெளிவரும். தீ படாமல் காட்சிக்கு நிற்கும் தகட்டுக்கு மட்டும் நுண்படிக மெழுகு பூசலாம்.

தீ மூட்டாத கோடைக்காலம்தான் இரும்புக்குச் சோதனைக் காலம். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். வசந்தத்தில் கடைசித் தீ ஆறியதும் தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சாம்பலையும் சேர்த்து வாரி எடுத்துவிட்டு, புகைபோக்கியின் உச்சியில் மழை மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது துப்புரவு செய்பவரிடம், தகட்டின் பின்வெளியில் விழுந்து கிடக்கும் கரியையும் எடுக்கச் சொல்லுங்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இங்கிலாந்தில் சிறு அளவுகளில் விற்கும் விறகுக்கு 2021 மே முதல் இதுவே சட்ட வரம்பு. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் வீடு இருந்தால், திறந்த கணப்பில் விறகு எரிப்பதற்கே தடை இருக்கக்கூடும்.

பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டில் நெடுங்காலமாகப் பொருத்தப்பட்டிருக்கும் தகடு, சட்டப்படி அக்கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படலாம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றி அதைக் கழற்றி விற்பது குற்றமாகலாம் என்பதால், வீட்டை வாங்கியவரும் விற்பவரும் தகட்டில் கை வைக்கும் முன் உள்ளாட்சி அமைப்பின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.