விபூதி பூசின சாக்லேட்

ரெண்டு வருஷம் முன்னாடி கிறிஸ்மஸுக்கு ஒரு கணக்கு போட்டேன். ராயபுரத்துல எங்க தெருவுல தட்டு குடுக்கற வீடு மட்டும் பதினெட்டு, கல்கல், அச்சு முறுக்கு எல்லாம் அம்மா பாத்துப்பாங்க, ஆனா கேக் கடையில வாங்கி எல்லாருக்கும் குடுத்தா ஜனவரி வாடகைக்கு துண்டு விழும். சரி சாக்லேட் நாமளே பண்ணிடலாம், ஒரு கிலோ உருக்கினா பத்து கிராம் வீதம் நூறு பீஸ் வரும், வீட்டுக்கு அஞ்சுன்னா பதினெட்டு வீடும் முடிஞ்சு நமக்கும் பத்து மிஞ்சும், அச்சும் ஜிகினா பேப்பரும் பாரிஸ் கார்னர் பக்கம் சல்லிசா கிடைக்குது, இதுல இன்னா கஷ்டம்னு நெனச்சேன்.

நல்ல சாக்லேட்டா வாங்கி, உருக்கி, அச்சுல ஊத்தி, ஃப்ரிட்ஜுல வெச்சு, எடுத்து சுத்தி வெச்சேன். 24ம் தேதி சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயா ஒண்ண பிரிச்சு பாத்துட்டு "இன்னாடி இது, சாக்லேட்டுக்கு விபூதி பூசி வெச்சிருக்க?"ன்னாங்க. மேல எல்லாம் சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா இருக்கு, ஒடச்சா படக்னு ஒடயல, பழைய சோப்பு மாதிரி வளையுது. கடையில வாங்குனப்போ பளபளன்னு இருந்த அதே சாக்லேட்தான், நான் எதையும் சேக்கவும் இல்ல எடுக்கவும் இல்ல, வெறுமன உருக்கி உறைய வெச்சேன், அவ்ளோதான். அப்புறம் உக்காந்து படிச்சதுல புரிஞ்சது, எல்லா வம்பும் அந்த "உறைய வெச்சேன்"லதான்.

சாக்லேட்னா இன்னா? பொடி கலந்த கொழுப்பு, அவ்ளோதான். கோகோ தூளும் சர்க்கரையும் (மில்க் சாக்லேட்னா பால் பவுடரும்) நாக்குக்கு நறநறன்னு தெரியாத அளவுக்கு, 20 மைக்ரான் சுமாருக்கு அரைச்சு, கோகோ பட்டர்ங்கற கொழுப்புக்குள்ள மெதக்க விட்டிருப்பாங்க. அந்தக் கொழுப்பு எப்படி உறைஞ்சுருக்குங்கறதுலதான் பளபளப்பு, படக்னு ஒடயறது, வாயில கரையறது எல்லாமே இருக்கு.

கொழுப்பு உறையறது நமக்கு புதுசு இல்ல. மார்கழி காலையில தேங்காண்ணெ பாட்டில் வெள்ளையா கட்டிக்கும்ல, அது 24 டிகிரி சுமாருக்கு உருகற கொழுப்பு, அதுக்கு கீழ போனா கட்டிடும். நெய் இன்னும் நல்ல உதாரணம். காய்ச்சி அடுப்பு ஓரமா விட்டா மணல் மணலா உறையும், அதே நெய்ய சூடா ஃப்ரிட்ஜுல வெச்சுப் பாருங்க, மணலும் இருக்காது ஒண்ணும் இருக்காது, வழவழன்னு மெழுகு மாதிரி ஆயிடும். ரெண்டும் ஒரே நெய்தான், ஆறுன வேகம் மட்டும்தான் வேற. கோகோ பட்டர் இதே வேலைய இன்னும் பிடிவாதமா பண்ணுது.

கோகோ பட்டர் ஒரே விதமா உறையாது, ஆறு விதமா உறையும். 1966ல வில்லே, லட்டன்னு ரெண்டு பேரு அந்த ஆறுக்கும் நம்பர் போட்டு வெச்சாங்க, அதத்தான் இன்னிக்கும் சொல்றாங்க. கொழுப்பு மூலக்கூறுங்க ஒண்ணு மேல ஒண்ணு எப்படி அடுக்கியிருக்குங்கறதுதான் வித்தியாசம். மின்ட் ஸ்ட்ரீட் கடையில புடவைய மடிச்சு நெருக்கமா அடுக்கறதுக்கும், ஆடி தள்ளுபடியில வாரி மேசைல குமிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கங்க, துணி அதேதான், குமிச்சது தொட்டா சரியும். 1ம் நம்பர் 17 டிகிரியிலயே உருகிடும், 2ம் நம்பர் 23, 3ம் நம்பர் 25 கிட்ட, 4ம் நம்பர் 27 கிட்ட. 5ம் நம்பர் ஒரே தாவா 34 பக்கம் போயிடும். 6ம் நம்பர் 36. நமக்கு வேண்டியது அஞ்சு மட்டும்தான், அதுல மூலக்கூறுங்க நெருக்கமா ஒழுங்கா அடுக்கியிருக்கும், அதனாலதான் வெளிச்சம் பட்டா பளபளக்கும், ஒடச்சா சத்தம் வரும், உறையும்போது கொஞ்சம் சுருங்கறதால அச்சுலேந்து தானா கழண்டும் விழும்.

இப்போ மெட்ராஸுக்கு வாங்க. டிசம்பர்ல பகல்ல 28, 29 டிகிரி வெளிய, அடுப்பு எரியற சமையக்கட்டுல இன்னும் மேல. அந்த நம்பர் வரிசைய திரும்பப் பாருங்க. ஒண்ணுலேந்து நாலு வரைக்கும் நம்ம வீட்டு காத்துலயே நிக்காது, அஞ்சும் ஆறும் மட்டும்தான் நிக்கும். ஊட்டியில ஹோம்மேட் சாக்லேட் கடை கடையா விக்கறாங்களே, அங்க டிசம்பர் குளிர்ல அரைகுறையா உறைஞ்ச 3ம் நம்பர், 4ம் நம்பர் கூட கல்லு மாதிரி நிக்கும், அன்னிக்கே வாங்கி அன்னிக்கே தின்னா தப்பே தெரியாது. அதே டப்பாவ பஸ்ஸுல கீழ கொண்டாந்து ராயபுரத்துல பிரிச்சா குட்டு வெளிப்பட்டுடும். அங்க குளிர் மூடி வெக்கற தப்ப இங்க நம்ம வெயில் காட்டிக் குடுத்துடுது.

என் வீட்டுல நடந்ததும் அதுதான். சூடா ஊத்தி நேரா ஃப்ரிட்ஜுல வெச்சதால கொழுப்பு அவசர அவசரமா கெடச்ச மாதிரி உறைஞ்சுடுச்சு, அதாவது கம்மி நம்பர்ங்க. வெளிய எடுத்ததும் அதுங்க இளகி, இன்னும் ஒழுங்கான நம்பருக்கு மாற ஆரம்பிச்சுது. அப்படி மாறும்போது கொஞ்சம் கொழுப்பு திரவமா மேல கசிஞ்சு வந்து, மேல்பரப்புல பெரிய பெரிய படிகமா உறைஞ்சது, அதுல வெளிச்சம் பட்டு சிதறுறதுதான் ஆயா சொன்ன விபூதி. பூஞ்சை கிடையாது, தின்னா ஒண்ணும் ஆகாது, பாக்கத்தான் சகிக்கல.

இன்னொரு வகை வெள்ளையும் இருக்கு, ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது. ஃப்ரிட்ஜுலேந்து 4, 5 டிகிரில இருக்கறத எடுத்து நம்ம ஊர் காத்துல வெச்சா, சில்லுனு இருக்கற சொம்பு வேர்க்கற மாதிரி சாக்லேட்டும் வேர்க்கும். காசிமேடு பக்கம் கடல் காத்துல உப்பு டப்பா கூட நசநசன்னு இருக்கும், அந்த ஈரம் எங்க போகும். வேர்த்த தண்ணில சாக்லேட்ல இருக்கற சர்க்கரை கரையும், தண்ணி காஞ்சதும் சர்க்கரை மட்டும் சொரசொரன்னு மேல நிக்கும். எந்த வெள்ளைன்னு கண்டுபிடிக்க வெரல வெச்சு லேசா தேய்ங்க, வெரல் சூட்டுல மறைஞ்சு எண்ணெப்பசையா ஆனா கொழுப்பு, அசையாம சொரசொரப்பா இருந்தா சர்க்கரை. என்னுதுல ரெண்டும் இருந்துச்சு, அவ்ளோ திறமை.

சரி, 5ம் நம்பர மட்டும் எப்படி வரவெக்கறது? தயிர் உறை ஊத்தறவங்களுக்கு இத சொல்லித்தர வேணாம். பால்ல ஏற்கனவே தயிரா இருக்கறதுல ஒரு ஸ்பூன் விட்டா பூராவும் தயிராகுதுல்ல, அதே மாதிரி உருகின சாக்லேட்ல ஏற்கனவே 5ம் நம்பரா உறைஞ்ச சாக்லேட்ட (கடையிலேந்து பளபளன்னு வர்றது அதுதான்) கொஞ்சம் போட்டா மிச்சமெல்லாம் அத பாத்து அதே மாதிரி அடுக்கிக்கும். (தயிர்ல நடக்கறது உயிருள்ள பாக்டீரியா வேலை, இங்க உயிரெல்லாம் இல்ல, வெறும் படிகம், ஆனா கை பண்ற வேலை ஒண்ணுதான்.) இதுக்கு டெம்பரிங்னு பேரு. டார்க் சாக்லேட்ல முக்கால் பங்க 45 டிகிரி தாண்டி நல்லா உருக்கணும், பழைய அடுக்கெல்லாம் மொத்தமா கலையணும், இல்லன்னா பழைய குப்பை உள்ளயே இருக்கும். அப்புறம் அடுப்புலேந்து எறக்கிட்டு, மிச்ச கால் பங்க பொடியா நறுக்கி கொஞ்சம் கொஞ்சமா போட்டு கிண்டிக்கிட்டே இருக்கணும். மொதல்ல போடறது கரைஞ்சே போயிடும், அது சூட்ட எறக்கறதுக்கு மட்டும்தான் உதவும், 34க்கு கீழ எறங்குனப்புறம் போடறதுதான் கரையாம நின்னு உறையா வேலை செய்யும். 31, 32ல வந்து நின்னா அச்சுல ஊத்தலாம். மில்க் சாக்லேட்டுக்கு ரெண்டு டிகிரி கம்மி, 29, 30, பால் கொழுப்பு கலந்திருக்கறதால அது எளகுன பார்ட்டி.

ஆக மொத்த விளையாட்டும் மூணு நாலு டிகிரிக்குள்ள. தெர்மாமீட்டர் இருந்தா நிம்மதி, இல்லன்னா ஒரு ஸ்பூன் நுனில தொட்டு கீழ் உதட்டுக்கு அடியில வெச்சு பாக்கலாம், தோல் 34 பக்கம் இருக்கும், அதனால சாக்லேட் லேசா குளுகுளுன்னு தெரியணும், வெதுவெதுன்னு இருந்தா இன்னும் கிண்டணும். கத்தி நுனிய முக்கி ஓரமா வெச்சாலும் தெரியும், அஞ்சு பத்து நிமிஷத்துல பளபளன்னு இறுகினா சரியா வந்துருக்கு. ஆனா இந்த டெஸ்ட்ட அடுப்பு பக்கத்துல பண்ணாதீங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல ஃபேன் கீழ பண்ணுங்க, ஏசி ரூம் இருந்தா ராஜா. டெம்பர் பண்ணி ஊத்துனதுக்கப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் ஃப்ரிட்ஜுல வெக்கறது தப்பில்ல, ஏன்னா உறை ஏற்கனவே உள்ள இருக்கு, எந்த நம்பரா உறையணும்னு முடிவாயிடுச்சு. அச்ச ஒண்ணு மேல ஒண்ணு மட்டும் அடுக்காதீங்க, கொழுப்பு உறையும்போது சூட்ட வெளிய விடும், அடுக்குனா நடுவுல இருக்கறது அந்த சூட்டுலயே திரும்ப எளகிடும்.

தண்ணி விஷயத்துல நான் வாங்குன அடி தனி. கீழ தண்ணி கொதிக்கற பாத்திரம், மேல சாக்லேட் கிண்ணம், மூடி வேற போட்டேன், புத்திசாலித்தனமா. மூடில கட்டுன ஆவி நாலு சொட்டு உள்ள விழுந்துச்சு, அவ்ளோதான், தோசை மாவு மாதிரி ஓடிக்கிட்டு இருந்தது ஒரே நிமிஷத்துல கட்டி கட்டியா மண்ணு மாதிரி ஆயிடுச்சு. தண்ணி சேந்தா எளகத்தானே செய்யணும்? புட்டு மாவ நெனச்சுப் பாருங்க. காஞ்ச மாவு கைல நிக்காம கொட்டும், கொஞ்சம் தண்ணி தெளிச்சா பிடி பிடிக்கும், நெறைய ஊத்துனாதான் கரைஞ்சு ஓடும். சாக்லேட்ல சர்க்கரை எல்லாம் காஞ்ச பொடியா கொழுப்புல மெதந்துக்கிட்டு இருக்கு, நாலு சொட்டு தண்ணி பட்டதும் சர்க்கரை மேல பசை மாதிரி ஆயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால அத காப்பாத்தறதுக்கும் வழி இன்னும் ஊத்தறதுதான், சூடான பால் அரை டம்ளர் ஊத்தி கிண்டுனா சாஸா ஆயிடும். அச்சுக்கு ஆகாது, ஆனா பிள்ளைங்க பன்னுல தொட்டு தின்னுடுச்சுங்க.

இவ்ளோ பேஜாரு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு காம்பவுண்ட் சாக்லேட் இருக்கு. கடையில பாளமா கிடைக்கும், விலையும் பாதிக்கும் கீழ. அதுல கோகோ பட்டர எடுத்துட்டு பனங்கொட்டை எண்ணெ மாதிரி வேற கொழுப்ப போட்டிருப்பாங்க, அதுக்கு இந்த அஞ்சாம் நம்பர் தொல்லையே கிடையாது, உருக்கு, ஊத்து, உறையும். 2024ல ஐவரி கோஸ்ட், கானால விளைச்சல் கெட்டு கோகோ விலை டன்னு 10,000 டாலர தாண்டுனப்போ நெறைய பேரு இதுக்குத்தான் மாறுனாங்க. என் கருத்து கேட்டா, பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல குடுக்க காம்பவுண்ட் போதும், ஆனா வாயில போட்டா சிலது பூரா கரையாம மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டும், அத சாக்லேட்னு சொல்ல எனக்கு மனசு வராது. ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, சிக்கனம்னு ரெண்டையும் பாதிப் பாதி கலக்காதீங்க. ரெண்டு கொழுப்பும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது, ரெண்டும் தனித்தனியா இருக்கறதவிட கலந்தா இன்னும் எளகும், அப்புறம் விபூதிதான்.

காசு மிச்சம் பண்ணணும்னா உள்ள போடறதுல பண்ணுங்க. பாதாமுக்கு பதிலா வறுத்த வேர்க்கடலை, தோல் ஊதி, நல்லா ஆற வெச்சு போட்டா ஒரு கிலோ சாக்லேட் தாராளமா ஒண்ணேகால் கிலோ ஆயிடும். ஆனா கடலை எண்ணெயும் மெதுவா கசிஞ்சு மேல வரும், அதனால கடலை போட்டத ரெண்டு வாரத்துக்குள்ள காலி பண்ணிடணும், மாசக்கணக்கா டப்பால வெச்சா திரும்ப வெளுக்கும்.

போன வருஷம் தெர்மாமீட்டர் வாங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு, ஜன்னல தொறந்து வெச்சு பண்ணேன். அச்ச கவுத்து லேசா தட்டுனதும் பொலபொலன்னு விழுந்துச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கே தூக்கம் போயிடுச்சு. ஆயாவுக்கு மேல் வரிசைல பல்லு இல்ல, ஒண்ண வாயில ஒதுக்கிக்கிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "சில்லுனு இருக்குடி, ஐஸ்ல வெச்சியா?"ன்னாங்க. ஐஸ்லயும் வெக்கல ஒண்ணுத்துலயும் வெக்கல, 34ல உருகற கொழுப்பு 37 டிகிரி வாய்க்குள்ள மொத்தமா உருகும்போது அந்த சூட்ட நாக்குலேந்துதான் இழுத்துக்கும், அதான் குளுகுளுன்னு தெரியுது. அதெல்லாம் ஆயாகிட்ட சொல்லல, இன்னும் ரெண்டு எடுத்து கைல குடுத்தேன். முந்தின வருஷத்து விபூதி சாக்லேட்ட தூக்கிப் போட மனசில்லாம ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க, ஈரம் படாத பீஸா பாத்து பொறுக்கி, 45க்கு மேல உருக்கி பழைய அடுக்கெல்லாம் கலைச்சு, புது உறை போட்டு, அதுல ஒரு பன்னெண்டு பீஸ் இந்த தடவ தெருவுக்குள்ள போயிருக்கு. யார் வீட்டுக்குன்னு மட்டும் கேக்காதீங்க.