படகு திரும்பும் வரை: நிச்சயமின்மை மனத்தை என்ன செய்கிறது?

ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குள் போகும் விசைப்படகு மறுநாள் காலை கரை திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் என்ஜின் பழுதா, காற்றா, எல்லை தாண்டியதாகக் கைதா என்ற கேள்விகள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். எது என்று பத்து மணிக்குள் தெரிந்துவிட்டால், அது கெட்ட செய்தியாகவே இருந்தாலும், வீட்டில் இருப்பவர்கள் எப்படியோ எழுந்து நின்றுவிடுகிறார்கள். சங்கத்துக்குப் போகிறார்கள், மனு எழுதுகிறார்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்றும் தெரியாமல் பொழுது சாயும் வரை நீளும் நாளில்தான் அடுப்பு எரிவதில்லை, கை கால் ஓடுவதில்லை. இதை மன உறுதி இல்லாமை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மனித மூளை இயங்கும் விதமே இது.

2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினித் திரை முன் உட்கார வைத்தார்கள். திரையில் ஒரு கல் தோன்றும். அதன் அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால், ஊகம் சரியோ தவறோ, கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி கொடுக்கப்படும். எந்தக் கல்லின் கீழ் பாம்பு அதிகம் என்பதை ஆட்டத்தின் போக்கில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கும் இடையிடையே மாறிவிடும். கண்ணின் பாவை எவ்வளவு விரிகிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்தார்கள். அதிர்ச்சி வருவது உறுதி என்று தெரிந்தபோது மன அழுத்தம் உச்சத்தைத் தொடவில்லை. வரலாம், வராமலும் போகலாம், ஐம்பதுக்கு ஐம்பது என்று இருந்தபோதுதான் தொட்டது.

மூளையின் பெரும் பணிகளில் ஒன்று அடுத்து நடக்கப்போவதைக் கணிப்பது. கணிப்பு தெளிவாக இருந்தால் உடலை அதற்கேற்பத் தயார் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இரண்டு முடிவுகளும் சரிசமமாக நிற்கும்போது இரண்டுக்கும் தயாராகவே இருக்க வேண்டியிருக்கிறது. நங்கூரத்தையும் தூக்காமல் என்ஜினையும் நிறுத்தாமல் நிற்கும் படகைப் போல, ஓரடி நகராமலே டீசல் தீர்ந்துகொண்டிருக்கும். அச்சத்தை உணரும் அமிக்டலா பகுதி விழித்தபடியே இருக்கிறது. அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலின், பிறகு கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன்களை இரத்தத்தில் சேர்க்கின்றன. சில மணி நேரத்துக்கு இது நல்லதுதான். இதயம் வேகமாகத் துடிக்கும், கவனம் கூர்மையாகும். வாரக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும், செரிமானம் குலையும், சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வரும். நம் ஊர்களில் மனக்கலக்கத்தோடு மருத்துவரிடம் போகிறவர்கள் பலரும் அதைத் தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் உளைச்சல் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் நடிக்கவில்லை. உடல் உண்மையாகவே அந்த விலையைக் கொடுக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நிச்சயமின்மை கூடும்போது மன அழுத்தம் கூடி, அது குறையும்போது குறைந்தவர்களே பாம்பைச் சரியாக ஊகிப்பதிலும் தேர்ந்திருந்தார்கள். கவலை, கற்றுக்கொள்வதற்கான ஏற்பாட்டின் ஒரு பகுதி. அதனால்தான் ‘கவலைப்படாதே அக்கா, வந்துவிடுவார்’ என்று ஆயிரம் முறை சொன்னாலும் பயன் குறைவு. மூளை தகவலைத் தேடுகிறது. நாம் ஆறுதலைக் கொடுக்கிறோம். ‘ஜெட்டியில் விசாரித்தேன், பக்கத்துப் படகுக்காரர்கள் இரவு பார்த்திருக்கிறார்கள்’ என்ற ஒரு செய்தி அந்த ஆயிரத்தைவிட மேலானது.

முன்னெச்சரிக்கை எவ்வளவு காக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜே வைஸ் எலிகளிடம் சோதித்தார். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் முன்னால் ஓர் ஒலி கேட்கும். வலி சமமாக இருந்தும், ஒலி கேட்ட எலியின் வயிற்றில் புண்கள் மிகக் குறைவாகவே இருந்தன. ஒலி கேட்காத நேரம் முழுவதும் அந்த எலிக்குப் பாதுகாப்பான நேரம்; நிம்மதியாக இருக்கலாம். மற்ற எலிக்கு அப்படி ஒரு நொடிகூட இல்லை.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கூண்டு ஏறும் நாளில் அது உயிரைக் காக்கிறது. ஏறாத நாட்களில், அதன் மேல் நம்பிக்கை இருந்தால், கரையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் காக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த இரவை அறிந்த ஒரு கடற்கரைக்கு, நம்பத்தக்க எச்சரிக்கை என்பது மனநலத்துக்கான ஏற்பாடும்கூட.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்றுவிடுகிறது. ஆனாலும் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கலாம், வலை பின்னலாம். மனத்தை அரிப்பது அந்த நாட்களில் ஏறும் கடன்தான். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன்பு, கையில் காசு இல்லாத காலத்தில், சிந்தனைத் திறன் சோதனைகளில் அவர்கள் பெற்ற மதிப்பெண் குறைவு. அறுவடை முடிந்த பின் அதே ஆட்கள் கூடுதலாகப் பெற்றார்கள். பண நெருக்கடி யோசிக்கும் இடத்தையே அடைத்துக்கொள்கிறது. தடைக்காலத்தில் அவசரப்பட்டு மோசமான வட்டிக்கு வாங்கிவிட்ட ஒருவரை அறிவில்லாதவர் என்று பேசுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நியாயம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, மீனவர்களிடம் ஒரு வேறுபாட்டைக் கண்டார். உப்பங்கழியின் அமைதியான நீரில் மீன் பிடிக்கச் சடங்கு எதுவும் இல்லை. அங்கே கைத்திறன் போதும். ஆபத்தும் ஐயமும் மிகுந்த திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள். படகில் ஏறும்முன் சிலுவைக் குறி போடுவதும், சூடம் கொளுத்துவதும், துவா செய்வதும் இந்தக் கடற்கரையில் அன்றாடம். கட்டுப்படுத்த முடியாத ஒன்றின் முன்னால், கட்டுப்படுத்தக்கூடிய ஒரு சிறு செயலை மனம் தேடிக்கொள்கிறது. அதை மூடத்தனம் என்று ஒதுக்குவது மேலோட்டமான பார்வை.

அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். ஒரு தொகுதி நாய்களால் மின்னதிர்ச்சியைத் தாமே நிறுத்த முடிந்தது. இன்னொரு தொகுதி அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றது. ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எளிதில் தாண்டித் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது, இரண்டாம் தொகுதியில் பெரும்பாலானவை முயலாமலே படுத்துக்கிடந்தன. கையறு நிலையை அவை கற்றுக்கொண்டன என்று உலகமே பாடம் படித்தது. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், அதே இருவரும் தங்கள் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருத்தினார்கள். நீளும் துன்பத்தின் முன் முடங்குவது உயிர்களுக்கு இயல்பாகவே வருவது. கற்க வேண்டியது ‘என் செயலால் இது மாறும்’ என்பதைத்தான். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அதைக் கற்றவுடன், முடக்கத்தை உண்டாக்கும் ஆழமான பகுதிகளை அடக்குகிறது. படகைப் பறிகொடுத்த ஒருவர் வாரக்கணக்கில் திண்ணையில் படுத்துக்கிடந்தால் அது சோம்பல் அல்ல. சிறிதாகவேனும் பலன் தெரியும் ஒரு வேலை அவர் கைக்கு வர வேண்டும்.

பாம்பன் அருகே சின்னப்பாலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடற்பாசி எடுக்கும் பெண்களை நான் எப்போதும் இதோடு சேர்த்து நினைக்கிறேன். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளால் தொழிலே கேள்விக்குள்ளானபோது, மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தது. வருமானம் இன்றும் நிலையற்றதுதான். ஆனால் ஒரு பகுதியேனும் அவர்கள் முடிவெடுக்கும் எல்லைக்குள் வந்தது.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர், உடலும் கிடைக்காதவர். இந்த இழப்பு வேறு வகை. அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970-களில் பேசத் தொடங்கி, இதைத் தனிக் கோட்பாடாகவே வளர்த்தார். இறப்புக்கு ஒரு சடங்கு உண்டு, ஊர் கூடி அழும், நாள் எண்ணி முடிக்கும். காணாமல்போனவருக்கு எதுவும் இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, படத்துக்கு மாலை போடுவதா, பிள்ளையிடம் என்ன சொல்வது என்று எல்லாமே நடுவில் நின்றுவிடுகிறது. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கருதச் சட்டம் இடம்தருகிறது. ‘ஏற்றுக்கொண்டு முன்னே போ’ என்று இவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்கிறார் பாஸ். ‘அவர் வரக்கூடும், வராமலும் போகக்கூடும்’ என்ற இரண்டு எண்ணங்களையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டே, பிள்ளையின் படிப்பு, அன்றைய உலை என்று வாழ்வை நடத்தப் பழகலாம். விளக்கேற்றிக் காத்திருக்கும் பெண் நோயாளி அல்ல; நோய்ப்பட்டிருப்பது அவர் சிக்கியிருக்கும் சூழல்.

நாள் முழுவதும் பரவும் கவலைக்கு உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக் குழுவினர் 1983-இல் ஓர் எளிய வழியைச் சோதித்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி நேரம் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற வேளையில் கவலை எழுந்தால் அந்த அரைமணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். அடக்கச் சொன்னால் அடங்காத மனம், தள்ளிவைக்கச் சொன்னால் ஓரளவு கேட்கிறது. படுக்கையில் கிடந்தபடி மட்டும் அந்த அரைமணியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் ஒடிந்தே கிடந்தால், எதிலும் நாட்டம் இல்லை என்றால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், மருத்துவ உதவி வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். மனநோய் என்றாலே ஏர்வாடி நினைவுக்கு வந்து பலர் வாய் திறப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். அந்தக் கொடுமை நடந்தது உண்மை. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருப்பதும் உண்மை. இன்று உதவி கேட்பவர் போய்ச் சேரும் இடம் சங்கிலி அல்ல.

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. நிர்வாகம் செய்ய வேண்டியதும் உண்டு. எல்லைக்கு அப்பால் ஒருவர் கைதானால், வழக்கு எந்த நீதிமன்றத்தில், காவல் எந்த நாள் வரை, அடுத்த வாய்தா எப்போது என்ற மூன்று தகவல்களும் அன்றைக்கே அவர் வீட்டுக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். இன்று அந்தக் குடும்பங்கள் பல நேரம் தொலைக்காட்சியின் ஓடும் வரியில்தான் அவற்றைத் தேடுகின்றன. மாவட்ட நிர்வாகம் ஒரு ஆளை, ஒரு தொலைபேசியை இதற்கென்றே ஒதுக்கினால் போதும். மாத்திரை இல்லாமலே பல வீடுகளில் தூக்கம் திரும்பும்.